மலை மண்ணுக்கு மிஷினைப் பழக்குவது

மெட்டல் டிடெக்டர் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "சென்சிடிவிட்டியை எவ்வளவு வைக்கணும்?" மிஷினின் கேட்கும் திறன்தான் சென்சிடிவிட்டி. அதைக் கூட்டக் கூட்ட ஆழம் கூடும், ஆழம் கூடினால் காசு கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆற்று மணலில் அது ஓரளவு சரியாகக்கூட இருக்கலாம். நீலகிரியில், அதிலும் எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துச் செம்மண்ணில், விஷயம் தலைகீழ். இங்கே மிஷினைக் கொஞ்சம் அடக்கி வைத்தால்தான் மண்ணுக்குள் கிடக்கும் காலணா வாய் திறக்கும்.

நான் தேடுவது எங்கள் சொந்தத் தேயிலைத் தோட்டத்திலும், கேட்டு அனுமதி வாங்கிய பக்கத்துக் கேரட், உருளைக்கிழங்குக் காடுகளிலும்தான். எந்த கம்பெனி மிஷின் நல்லது என்று இதில் எழுதப் போவதில்லை. பத்தாயிரம் ரூபாய் மிஷினோ லட்ச ரூபாய் மிஷினோ, நம் மண்ணுக்கும் நம் காசுக்கும் ஏற்ற மாதிரி அதைத் திருப்பி வைக்கத் தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். கூட வரும் கையேடு வெளிநாட்டு மண்ணையும் வெளிநாட்டுக் காசையும் மனதில் வைத்து எழுதியது. அதில் உள்ளபடியே வைத்துக்கொண்டு நடந்தால், நம் ஊர்க் காசில் பாதிக்கு மேல் காலடியிலேயே நழுவிப் போகும். இதை நான் அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் மண். நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருமையான, கெட்டியான பாறை. அது காலங்காலமாக மழையில் ஊறி உளுத்து மண்ணானபோது சிலிக்கா கரைந்து கீழே போய்விட்டது. இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் மேலே தங்கிவிட்டன. நம் செம்மண்ணும் அதிலுள்ள துருக்கல் உருண்டைகளும் அப்படி வந்தவைதான். மண்ணின் சிவப்பைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். ஆனால் சிவப்பு நிறம் தரும் ஹேமடைட் டிடெக்டருக்குப் பெரிய தொல்லை இல்லை. மேக்னடைட், மேக்ஹமைட் என்ற இரண்டு காந்தத் தன்மையுள்ள ஆக்சைடுகள்தான் தொல்லை. அவை எவ்வளவு இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, உலர்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். காகிதத்தில் கருப்பாக மீசை முளைத்தால் அந்த இடத்தில் மிஷின் தடுமாறப் போகிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரே தோட்டத்தில் மேல் வரப்பில் ஒன்றும் ஒட்டாது, கீழ் வரப்பில் கொத்தாக ஒட்டும். மழை வெள்ளம் கனமான கருமணலை அரித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேர்ப்பதால் வரும் வித்தியாசம் அது.

மிஷின் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிஷினின் கம்பு முனையில் தட்டு போல இருப்பதுதான் காயில். அதற்குள் இருக்கும் ஒரு கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது பட்டதும் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்ன காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. இன்னொரு கம்பிச்சுருள் அதைக் கேட்கிறது. திரும்பி வரும் சமிக்ஞை எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத்தான் மிஷின் "இது வெள்ளி, இது இரும்பு" என்று எண் காட்டுகிறது. வெள்ளி, தடித்த செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை மேல் எண்களில் வரும். அலுமினியத் தாள், செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல் எல்லாம் நடுவிலும் அதற்குக் கீழும் வரும். இரும்பு அடியில்.

இங்கேதான் சென்சிடிவிட்டியைப் பற்றிய கணக்கு வருகிறது. காந்தப் புலம் தூரம் போகப் போக அந்தத் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும், அதாவது தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். போகும்போது ஒரு முறை குறைகிறது, திரும்பும்போது இன்னொரு முறை. ஆக, ஒரு காசிலிருந்து கிடைக்கும் சமிக்ஞை ஆழத்தின் ஆறாம் அடுக்கில் தேய்ந்து போகிறது. 10 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் காசு 20 செ.மீ.க்குப் போனால் சத்தம் பாதியாகாது, ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். இதையே திருப்பிப் போட்டால், மிஷினின் கேட்கும் திறனை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் கூடுவது 12 சதவீதம்தான். 20 செ.மீ. என்பது 22, 22½ ஆகும். அந்த இரண்டு செ.மீ.க்காக, காயிலுக்கு ஒட்டினாற்போல் கிடக்கும் கருமணல் மொத்தத்தின் இரைச்சலையும் இரண்டு மடங்காக்கிக்கொள்கிறோம். திருவிழா மைக் செட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் காதில் ஒருவர் ரகசியம் சொல்வதைக் கேட்க, மைக் செட்டின் சத்தத்தையும் சேர்த்தே கூட்டினால் என்ன பலன்?

அதனால் நான் செய்வது இது. தோட்டத்துக்குள் போனதும் காயிலைத் தரைக்கு ஒட்டி, நடக்காமல் ஒரே இடத்தில் வீசுவேன். சென்சிடிவிட்டியை ஒவ்வொரு படியாக ஏற்றுவேன். மிஷின் காரணமில்லாமல் முனக ஆரம்பிக்கும் படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு படி இறக்கிவிடுவேன். அவ்வளவுதான். அடுத்த தோட்டத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. மழைக்கு முன் வைத்தது மழைக்குப் பின் செல்லாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமான மழை. அந்த மழை நின்று நாலைந்து நாள் கழித்து மண் ஈரமாகவும் நிதானமாகவும் இருக்கும்போது தேடுவதுதான் எனக்குப் பிடித்தது. கோடையில் காய்ந்து பிளந்த மண்ணில் மிஷின் அடிக்கடி பொய்ச் சத்தம் கொடுக்கும்.

சென்சிடிவிட்டிக்கு முன்பே செய்ய வேண்டியது கிரவுண்ட் பேலன்ஸ். இந்த மண்ணின் சமிக்ஞை இப்படித்தான் இருக்கும், இதைக் கண்டுகொள்ளாதே என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. உலோகம் இல்லாத ஒரு கைப்பிடி இடம் முதலில் வேண்டும். அது கிடைப்பதே சில தோட்டங்களில் பெரிய வேலை. அந்த இடத்துக்கு மேல் காயிலை ஒரு முழ உயரத்திலிருந்து தரையைத் தொடாமல் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆகும் வரை விடக் கூடாது. பல மிஷின்களில் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் கையால் திருப்ப வேண்டும். கையால் செய்வதுதான் எனக்குத் திருப்தி, ஏனென்றால் காது அந்த மண்ணின் சுபாவத்தைத் தெரிந்துகொள்கிறது. தானாகவே நடக்க நடக்கச் சரிசெய்துகொண்டு வரும் டிராக்கிங் வசதியை நான் பெரும்பாலும் அணைத்து வைத்திருப்பேன். மங்கலான சத்தம் ஒன்றின் மேல் இரண்டு மூன்று முறை காயிலை வீசினால், அதையும் மண் என்று நினைத்து மிஷின் அடக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியதே அந்த மங்கலான சத்தம்தான்.

துருக்கல் உருண்டை ஒன்று கிடந்தால் அது தனி. சுற்றியுள்ள மண்ணுக்கு என்று பேலன்ஸ் செய்து வைத்திருப்போம், அந்தக் கல் அதைவிட இரும்புச் சத்து கூடியதாக இருக்கும். காயில் அதைத் தாண்டும்போது ஒரு இழுவையான சத்தம் வரும். காசு என்றால் சத்தம் வெட்டியது போல் தொடங்கி வெட்டியது போல் முடியும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு துருக்கல்லையும் ஒரு காலணாவையும் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வீசிப் பாருங்கள்.

மண்ணுக்கு அடுத்து மின்சாரம். காட்டுமாடும் பன்றியும் இறங்கி வருவதால் இப்போது எங்கள் பக்கம் காய்கறி போடுகிறவர்களில் பலர் சோலார் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை துடிக்கும். மிஷினும் கூடவே டிக், டிக் என்று துடிக்கும். தாளம் தப்பாமல் வருகிறதென்றால் அது காசு இல்லை, வேலி. தோட்டக்காரரிடம் கேட்டுப் பகலில் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னால் போதும், யாரும் மறுத்ததில்லை. உயர் மின்னழுத்தக் கம்பிக்கு அடியில் அப்படிக் கேட்க முடியாது. பைக்காராவில் 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் கம்பி ஓடாத பக்கம் குறைவு. அங்கே மிஷினில் இருக்கும், வெளி இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் அல்லது அலைவரிசை மாற்றும் வசதியை முதலில் பயன்படுத்துங்கள். பிறகுதான் சென்சிடிவிட்டியில் கை வையுங்கள். செல்போனை ஃபிளைட் மோடில் போட்டுப் பையில் வையுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: டிஸ்கிரிமினேஷன். வேண்டாத உலோகத்தைக் காதில் விழாமல் தடுக்கும் வசதி. பெட்டியைப் பிரித்து எடுத்ததும் மிஷின் பெரும்பாலும் "காயின் மோட்" என்ற நிலையில் இருக்கும், அல்லது அதற்கு மாற்றச் சொல்லிக் கையேடு சொல்லும். அந்த மோட் இரும்பை முழுதாக வெட்டிவிடும். அலுமினியத் தாள் பக்கத்து எண்களையும் பெரும்பாலும் வெட்டிவிடும். அமெரிக்காவில் வெள்ளிக் காசும் செம்புக் காசும் தேடுகிறவருக்கு அது சௌகரியம். நம் காசுகளின் உலோக வரலாறு வேறு.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து தங்கிய கன்னேரிமுக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான். அதற்கு முன் இந்த மலையில் படகரும் தோடரும் கோத்தரும் குறும்பரும் தங்களுக்குள் தானியம், நெய், இரும்புச் சாமான், தேன் என்று பண்டமாற்றில் வாழ்ந்தவர்கள். அதனால் தோட்ட மண்ணில் கிடைப்பது பெரும்பாலும் அதற்குப் பின் புழங்கிய காசுதான். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி எல்லா மாகாணத்துக்கும் ஒரே நாணயம் கொண்டுவந்தது. அந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலம் முழுக்க அதே எடை, அதே தரம். இது மண்ணில் கிடந்தால் எந்த மிஷினும் உச்சஸ்தாயியில் கத்தும். செம்புக் காலணாவும் நல்ல சத்தம்தான். இவை இரண்டும் காயின் மோடிலேயே கிடைத்துவிடும். தொல்லை இதற்குப் பிறகு.

1907 முதல் ஓரணா குப்ரோநிக்கலில் வந்தது, விளிம்பு வளைந்து வளைந்து இருக்குமே, அதுதான். குப்ரோநிக்கல் மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். மிஷின் அதற்குக் காட்டும் எண் சிகரெட் பெட்டித் தாள், மாத்திரை அட்டை, பீர் டின் மூடி வளையம் எல்லாம் வரும் அதே இடத்தில் வரும். 1940 முதல் வெள்ளி ரூபாயில் வெள்ளி 50 சதவீதமாகிவிட்டது, நிக்கலும் கலந்தது, அதனால் எண் கீழே இறங்கும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா நடுவில் பெரிய ஓட்டையோடு ஒரு வளையம் போல இருப்பதால், முழுக் காலணாவின் எண்ணை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 1947இல் புலி போட்ட ஒரு ரூபாய் சுத்த நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். காந்தத்தில் ஒட்டுவதை மிஷின் இரும்புக் கூட்டத்தில் சேர்த்துவிடும். சுதந்திரம் வந்த வருடத்துக் காசு, ஆறாம் ஜார்ஜின் தலையோடு மண்ணுக்குள் கிடக்கிறது, மிஷின் அதை ஆணி என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறது!

பிறகு 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அறுபதுகளிலிருந்து அலுமினியக் காசுகள்: 3 பைசா, 5 பைசா, நெளிவு நெளிவாக 10 பைசா, அறுகோண 20 பைசா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்த சில்லறை இதுதான். தோட்டத்தில் அதிகமாக அகப்படுவதும் இதுதான். அலுமினியம் லேசானது, ஆனால் நன்றாகக் கடத்தும், அதனால் நடு எண்களில் தெளிவாகச் சத்தம் வரும். எண்பதுகளின் கடைசியிலிருந்து 10, 25, 50 பைசாவும், 1992இலிருந்து ஒரு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிட்டன. இப்போது நம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்து மிஷினுக்குக் கீழே போட்டுப் பாருங்கள். எண் இரும்புக்கும் மேலுக்கும் தாவிக்கொண்டே இருக்கும், அல்லது இரும்பிலேயே நிற்கும். வெளிநாட்டுக் காயின் மோடுக்கு அது காசே இல்லை.

ஆக, நம் ஊரில் இரும்பை வெட்டினால் ஒரு பக்கம் 1947ஆம் வருட ரூபாய் போகிறது, இன்னொரு பக்கம் கடந்த முப்பது வருடத்துச் சில்லறை போகிறது. தாள் எண்களை வெட்டினால் ஓரணா போகிறது. காசை விட்டுப் பழம்பொருள் என்று பார்த்தாலும் இதே கதைதான். மலைப் பாதையில் மாட்டு வண்டி ஏறிய காலத்து லாடம், தேய்ந்து போன கவாத்துக் கத்தி, பூட்டு, வண்டிச் சக்கரத்துக் கடையாணி எல்லாமே இரும்பு. பழைய தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத் தகடு போடுவார்கள். அதன் துண்டுகள் நடு எண்ணில் வரும். வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு இருக்கும் மலை இது, பித்தளைப் பொத்தான்களும் அதே நடு எண்ணில்தான் வரும். இவற்றை எல்லாம் வெட்டிவிட்டு வெள்ளி ரூபாய் ஒன்றுக்காகக் காத்திருப்பது எனக்கு ஏற்பில்லை. ஒரு மலைத்தோட்டத்தின் நூற்றைம்பது வருட வாழ்க்கை அந்த லாடத்திலும் கத்தியிலும்தான் அதிகம் இருக்கிறது.

டிஸ்கிரிமினேஷனை அணைத்துவிட்டு எல்லா உலோகத்தையும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். காது புளித்துப் போகும் என்பது உண்மை. அதற்குத்தான் இரும்புக்குத் தாழ்ந்த குரல், மற்றதற்கு உயர்ந்த குரல் என்று பிரித்துக் கேட்கும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது. இரும்பின் சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கவும் முடியும். குறையுங்கள், முழுக்க அணைக்காதீர்கள். இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஆணியும் ஒரு காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், இரும்பை அடக்கச் சொன்ன மிஷின் அந்த அடக்கத்திலிருந்து மீள்வதற்குள் காயில் காசைத் தாண்டிப் போய்விடும். பழைய லைன் வீடுகள் இருந்த இடத்தில் தகரக் கூரை ஆணி கொட்டிக் கிடக்கும், மனிதர்கள் இருந்த இடம் என்பதால் காசும் அங்கேதான் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரெக்கவரி ஸ்பீடு என்ற அமைப்பைக் கூட்டி வைக்க வேண்டும். ஒரு சமிக்ஞையை முடித்து அடுத்ததுக்குத் தயாராகும் வேகம் அது. கூட்டினால் ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கூடவே பெரிய காயிலைக் கழற்றிவிட்டு ஐந்தாறு அங்குலக் காயிலை மாட்டினால், முந்தைய நாள் பெரிய காயிலோடு ஊமையாகக் கிடந்த அதே இடம் பேச ஆரம்பிக்கும். அகலமான காயில் ஒரே நேரத்தில் நாலு ஆணியைப் பார்க்கிறது, சின்னது ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஆணி நிறைந்த இடத்தில் ஆழத்தைவிடப் பிரித்துக் கேட்பதே பெரிது.

அலைவரிசையைப் பற்றி இரண்டு வரி. 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் போலத் தாழ்ந்த அலைவரிசை வெள்ளிக்கும் தடித்த செம்புக்கும் நல்லது. 15, 20 என்று போனால் மெல்லிய, சின்ன, சுமாராகக் கடத்தும் பொருள்கள் தெளிவாக வரும். ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்பும் மிஷின் இருந்தால் நம் மண்ணுக்கு அதையே வையுங்கள். மண்ணையும் உலோகத்தையும் பிரிக்க அதற்கு அதிகத் தகவல் கிடைக்கிறது.

எண்ணை நம்புவதிலும் ஒரு வரம்பு வேண்டும். கனிமம் நிறைந்த மண்ணில் ஆழத்தில் கிடக்கும் காசின் எண் இரும்பை நோக்கிச் சரியும். ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் காலணா மேலே வைத்துப் பார்த்த காலணாவின் எண்ணைக் காட்டாது. அதனால் நான் பார்ப்பது எண்ணை அல்ல, சத்தம் இரண்டு திசையிலும் வருகிறதா என்பதைத்தான். இடமிருந்து வலம் வீசும்போது வந்த சத்தம் வலமிருந்து இடம் வீசும்போதும் வர வேண்டும். அப்புறம் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று வீசினாலும் அதே இடத்தில் வர வேண்டும். அப்படி வந்தால், எண் எதைச் சொன்னாலும் தோண்டுவேன். ஆணி பெரும்பாலும் திரும்பி நின்றதும் சத்தத்தை மாற்றிவிடும் அல்லது இடம் நகரும்.

மலையில் தேடும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விழுந்த காசு விழுந்த இடத்தில் இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் மேல் மண் அரித்துக் கீழே இறங்குகிறது, ஒவ்வொரு முறை கொத்தும்போதும் மண் சரிவில் கீழ்ப்பக்கமே விழுகிறது. படிப்படியாக அமைந்த காட்டில் ஒவ்வொரு படியின் மேட்டுப் பக்கத்தில், அதாவது மேல் சுவரின் அடியை ஒட்டிய பகுதியில், படி வெட்டியபோது மண்ணை எடுத்திருப்பார்கள். வெளி விளிம்பில் அந்த மண்ணைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். பழைய தரை வெளி விளிம்பில் ஆழத்தில் புதைந்திருக்கும், உள்பக்கத்தில் காணாமலே போயிருக்கும். ஆகவே உள்பக்கத்தில் சின்னக் காயில், வெளி விளிம்பில் பெரிய காயில் என்று மாற்றிப் பாருங்கள். சரிவில் குறுக்காக, ஒரே மட்டத்தில் நடந்து தேடுவது நல்லது. மேலும் கீழுமாக நடந்தால் வீச்சின் கடைசியில் காயில் தானாகத் தூக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஐந்து செ.மீ. தூக்கினால் மண்ணுக்குள் ஐந்து செ.மீ. போயிற்று. சென்சிடிவிட்டியை ஏற்றிக் கிடைப்பதைவிட இது பெரிய நஷ்டம்.

தேயிலைக்குள் காயிலை வீச இடமே இருக்காது, செடி முட்டி நிற்கும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை கவாத்து வெட்டும்போதுதான் தரை கண்ணில் படும், அந்தச் சில வாரங்கள்தான் வாய்ப்பு. வேரை வெட்டக் கூடாது. காய்கறிக் காட்டில் அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன் உள்ள இடைவெளியில் கேட்டுப் போகலாம். உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் முன் செருப்பு, களைக்கொத்து, காயில் எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள். 1961இல் இந்த மலையில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இன்னும் போகவில்லை. அதன் முட்டைக் கூடுகள் மண்ணோடு ஒட்டிப் பயணம் போகும். நம் பொழுதுபோக்குக்காக ஒருவர் நிலத்தில் நோயை இறக்கிவிட்டு வரக் கூடாது.

ஹெட்போன் போட்டால் மங்கலான சத்தம் நன்றாகக் கேட்கும், சந்தேகமே இல்லை. ஆனாலும் இங்கே ஒரு காதைத் திறந்து வையுங்கள். காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வெயில் சாய்ந்த பிறகு தேடவே வேண்டாம்.

மிஷினை அணைத்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. மலை முகடுகளில் கல்வட்டங்கள் இருக்கும், சில இடத்தில் கிணறு போலக் கல் அடுக்கி இருக்கும். அவை பழங்கால ஈமச் சின்னங்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் அவற்றைத் தோண்டினார்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டி எழுதியது 1873இல் புத்தகமாக வந்தது. அவர் எடுத்த வெண்கலக் கிண்ணங்களும் விலங்கு உருவம் வைத்த மண்பாண்டங்களும் சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. ஆனால் எது எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் பலவற்றுக்கு இல்லை. அது ஒரு முறை கலைந்தால் யாராலும் திருப்பி வைக்க முடியாது. இன்று நம்மிடம் அவர்களிடம் இருந்ததைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது, அதனால் நம்மால் நடக்கக்கூடிய சேதமும் அதிகம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறிவிக்கப்படாத கல்வட்டம் என்றாலும் நான் தொட மாட்டேன், கூட வருகிறவர்களையும் தொட விட மாட்டேன். காப்புக்காடு, சோலை, ரயில்வே நிலம் எதற்குள்ளும் மிஷினோடு போகக் கூடாது.

சொந்த நிலத்தில் கிடைத்தாலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, கிடைத்த பங்கும் போய்விடும். விசாரணையில் வேறு உரிமையாளர் இல்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவும் அதில் இடமுண்டு. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு குழியில் ஒன்றுக்கு மேல் பழைய காசு தெரிந்தால் அதற்கு மேல் கை வைக்காமல் போட்டோ எடுத்துவிட்டு, நிலத்துக்காரரைக் கூப்பிட்டு, கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள்.

தோண்டிய குழியை மூடி மிதித்துவிட்டு வருவது மலையில் மரியாதை மட்டும் இல்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் ஊட்டி, குன்னூர் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் திறந்து கிடக்கும் குழி தண்ணீரை உள்ளே இறக்கும். பாதை ஓரத்திலும் தடுப்புச் சுவர் அடியிலும் நான் தோண்டுவதே இல்லை.

கிடைத்த காசை என்ன செய்வது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை வரும். போன வருடம் பக்கத்துக் கேரட் காட்டில் ஒரு விக்டோரியா காலணா கிடைத்தது. இரும்பு எண்ணுக்குச் சற்று மேலே, இரண்டு திசையிலும் மங்கலாக, ஆனால் இடம் மாறாமல் வந்த சத்தம். காட்டுக்காரப் பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு இது, பச்சை புடிச்சுக் கெடக்குது. கொஞ்சம் புளி போட்டுத் தேச்சா ராணி முகம் பளிச்சுனு தெரியுமே?" என்றார்.

"வேண்டாங்க பாட்டி. அந்தப் பச்சைதான் காசு மேல இருக்கிற தோல். புளி போட்டா அது அரிச்சுக்கிட்டுப் போயிரும், எழுத்தும் கூடப் போயிரும்."

பாட்டிக்கு மனசே இல்லை. செம்பு என்றால் புளி என்று எழுபது வருடமாகத் தேய்த்தவர். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, மண்ணை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தேன். வருடம் தெரிந்தது: 1862. அவர் நிலத்தில் கிடைத்தது என்பதால் அவரிடமே இருக்கிறது. எடுத்த இடம், ஆழம், அன்று மிஷினில் வைத்திருந்த அமைப்பு எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. அடுத்த கேரட் அறுவடை முடிந்ததும் அதே படியின் வெளி விளிம்பைப் பெரிய காயிலால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.